வில்லும் முதுமையும்

இளமையில் வளைத்த வல்வில்லையே முதுமையிலும் வளைக்க முயல்வது வீரமா, அறியாமையா? வில்வித்தை பயில்வோர் ஐம்பது வயதைக் கடக்குங்கால் எதிர்நோக்கும் வினா இது. சற்றே எண்ணின், உடம்பெடுத்தோர் அனைவர்க்கும் உரிய வினாவே ஆகும்.

நாணை முழுதும் இழுக்கத் தேவையான விசையைப் பவுண்டுக் கணக்கில் அளப்பர். 45 பவுண்டு வில்லை இழுத்து நிற்பவனின் விரல்கள் ஏறத்தாழ 20 கிலோ சுமையைத் தாங்குகின்றன. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் எய்யவேண்டிய அம்புகள் 72. ஆகவே அச்சுமையை 72 முறை தாங்குதல் வேண்டும். வயது ஏற ஏறத் தசை மெலிகின்றது. தோளின் தசைநாண்கள் முன்போல் ஈடுகொடா. கை நடுங்குகின்றது, உடல் பின்னே சாய்கின்றது, குறி நிலைக்குமுன் அம்பு கைவிட்டுப் போகின்றது. இவற்றைக் கண்டும் வில்லை மாற்றாதவன் தோளைக் கெடுத்துக்கொண்டு, முடிவில் வித்தையையே இழக்கின்றான்.

மாற்றத் தடையாக நிற்பது யாது? நேற்று 45 என்று சொன்ன நா, இன்று 34 என்று சொல்லக் கூசுகின்றது. இதனையே தம்மம் 'மானம்' என்னும் மாசாகக் கூறும். 'நான் உயர்ந்தேன்' என்பது மட்டுமன்று. 'நான் ஒத்தவன்', 'நான் தாழ்ந்தேன்' என்பனவும் மானத்தின் வகைகளே என்பது நம் பெரியோர் கண்ட நுட்பம். ஆதலின் வில்லின் விசையைக் குறைத்தபின் 'தாழ்ந்துவிட்டேனே' என்று புழுங்குபவனும் அம்மாசினின்று விடுபட்டானல்லன்.

அங்ஙனமாயின், எளிதே நன்று என்று மிக மெல்லிய வில்லை எடுத்தல் தகுமா? தகாது. விசை மிகக் குறைந்தால் நாண் விரல்களினின்று செவ்வனே விடுபடாது, அம்பு பிறழும். கடுந்தவத்தால் நொந்த சோணருக்குப் பகவான் வீணையின் நரம்பைக் காட்டி உணர்த்திய நடுநிலை ஈண்டும் பொருந்தும். நாணை முழுதும் இழுத்துச் சில நொடிகள் நடுக்கமின்றி நிற்க இயலவேண்டும். கடைசி அம்பும் முதல் அம்பைப் போலவே விடுபடவேண்டும். இதுவே அளவு. இரண்டு மூன்று பவுண்டாகக் குறைத்து, இவ்வளவு வாய்க்கும் இடத்தில் நிறுத்துக. அம்பையும் மாற்றுக, மெல்லிய வில்லுக்கு வளைவு மிக்க அம்பே இசையும்.

உலக வில்வித்தைக் கூட்டமைப்பும் 70 மீட்டர்த் தொலைவை ஐம்பது கடந்தோர்க்கு 60 மீட்டராகக் குறைத்துள்ளது. 1904-இல் செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் சாமுவேல் டுவால் என்னும் அமெரிக்கர் தம் 68-ஆம் வயதில் குழுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அம்புகள் தைத்த இடத்திற்காகப் பெற்ற பதக்கமேயன்றி, வில்லின் வலிமைக்காகப் பெற்றதன்று.

மூப்பு எவரையும் கேட்டு வருவதில்லை. வந்ததை உள்ளபடி கண்டு, இன்றைய தோளுக்கு இசைந்த வில்லை எடுப்பவன் நாளையும் எய்வான். இளமையின் வில்லை விடமாட்டாதவன், அதனைச் சுவரில் மாட்டிப் பார்த்திருக்கும் நாளையே விரைந்து அழைக்கின்றான்.