எல்லோருக்கும் மீட்பு உண்டா?

எல்லா உயிர்களும் இறுதியில் கடவுளை அடையுமா, அல்லது சில உயிர்கள் என்றென்றும் நரகத்திலேயே கிடக்குமா? கிறிஸ்தவ மரபில் பதினெட்டு நூற்றாண்டுகளாகத் தொடர்ந்துவரும் கேள்வி இது.

மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்ஸாண்டிரியாவின் ஓரிகன், கடவுள் தரும் தண்டனை பழிவாங்குதல் அன்று, மருத்துவமே என்று கருதினார். படைத்தவனே மருத்துவனாக இருக்கும்போது தீராத நோய் ஏது? அடுத்த நூற்றாண்டில் நிசா நகர ஆயர் கிரகோரியார், மரணப் படுக்கையிலிருந்த தம் சகோதரி மக்ரீனாவுடன் நடத்திய உரையாடலை நூலாக்கினார். நெருப்பு பொன்னை அழிப்பதில்லை, மாசினையே எரிக்கிறது. தெய்வ நீதியும் அத்தகையதே என்பது அந்நூலின் கருத்து.

புனித அகுஸ்தீனார் இதனை மறுத்தார். விவிலியம் நிலைவாழ்வையும் தண்டனையையும் ஒரே வாக்கியத்தில் ஒரே சொல்லால் குறிக்கிறது. ஒன்று முடிவற்றது எனில் மற்றொன்றும் முடிவற்றதே என்று ‘கடவுளின் நகரம்’ நூலில் வாதிட்டார். 553-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் ஓரிகனைக் கண்டனத்துக்கு உரியவர்களின் வரிசையில் சேர்த்தது. கிரகோரியாரோ இன்றளவும் புனிதராகவே போற்றப்படுகிறார். ஆகவே கேள்வி ஓயவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் நினிவே நகர ஆயர் பதவியைச் சில மாதங்களிலேயே துறந்து தனிமையை நாடிய ஈசாக், விவாதத்தை இதயத்துக்குத் திருப்பினார். கருணை நிறைந்த இதயம் விலங்குகளுக்காகவும், பகைவர்களுக்காகவும், ஏன், தீய ஆவிகளுக்காகவும்கூடக் கண்ணீர் சிந்தும் என்றார். அன்புக்கு எதிராகத் தவறிழைத்தோம் என்ற வேதனையே நரகம் என்பது அவர் கண்ட உண்மை. மனிதனின் கருணையே இவ்வளவு பரந்தது எனில், இறைவனின் கருணைக்கு எல்லை வகுப்பவர் யார்?

இருபதாம் நூற்றாண்டின் சுவிட்சர்லாந்து இறையியலாளர் பால்தாசர் இதில் ஒரு நடுவழியைக் காட்டினார். எல்லோரும் மீட்கப்படுவர் என்று உறுதி கூற எவருக்கும் உரிமையில்லை; ஆயினும் எல்லோருக்காகவும் நம்பிக்கை கொள்வது கடமை. நரகம் பற்றிய எச்சரிக்கையை ஒவ்வொருவரும் தமக்கே உரியதாகக் கேட்க வேண்டும். பிறர்மீது தீர்ப்பாகச் சுமத்தலாகாது.

மனித மனமோ இதனைத் தலைகீழாக்குகிறது. தன் பிழைக்கு மன்னிப்பையும் பிறர் பிழைக்குத் தண்டனையையும் வேண்டுகிறது. எல்லா உயிர்களின் மீட்பையும் பற்றிப் பேசுவது எளிது. தனக்குத் தீங்கிழைத்த ஒருவனுடைய மீட்பை உளமார விரும்புவதே அரிது. சாதகன் தன் பிரார்த்தனையில் முதலில் உச்சரிக்க வேண்டிய பெயர், அவன் உச்சரிக்கத் தயங்கும் அந்தப் பெயரே.