துதியும் அலறலும்

இறைவனை நோக்கி எழும் ஒலி இனிமையாகத்தான் இருக்க வேண்டுமா என்ற வினா ஆரணிப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு வெறும் ஏட்டு வினா அன்று. விடியலில் பூபாளம், இரவில் நீலாம்பரி என்று வேளைக்குரிய ராகத்தை நாகஸ்வரத்தில் வாசித்து ஈசுவரனைத் துயிலெழுப்புவதும் துயிலச் செய்வதும் சிவாலயங்களின் முறை என்று அறிந்த அதே மக்கள், ஆடி வெள்ளியன்று படவேட்டு ரேணுகாம்பாள் சந்நிதியை நாடிப் போய், பம்பையும் உடுக்கையும் முழங்க, அருள் வந்த ஒருத்தி அடிவயிற்றிலிருந்து எழுப்பும் கூக்குரலுக்கும் கைகூப்பி நிற்கிறார்கள். அந்தக் குரல் சுருதியில் சேர்ந்ததா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. இரண்டும் வழிபாடே என்று கண்டறிந்த நமக்கு, அமெரிக்க ஜாஸ் சங்கீதத்தில் புதுநெறி வகுத்த ஜான் கோல்ட்ரேன் என்ற ஸாக்ஸஃபோன் கலைஞரின் வாழ்க்கை அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

1926ஆம் ஆண்டு வட கரோலினாவில் ஹாம்லெட் என்ற சிற்றூரில் பிறந்த அவருக்குத் தாய்வழிப் பாட்டனார், தந்தைவழிப் பாட்டனார் இருவருமே கறுப்பின மக்களின் மெதடிஸ்ட் திருச்சபையில் போதகர்கள். வாலிபத்தில் ஹெராயினுக்கும் மதுவுக்கும் அடிமைப்பட்டு, அதன் காரணமாகவே டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து நீக்கப்பட்ட அவர், 1957இல் அவ்விரண்டையும் உதறினார். இறையருளால் அப்போது தமக்கு ஒரு விழிப்பு உண்டாயிற்று என்றும், இசையினால் பிறரை மகிழ்விக்கும் பேற்றை அன்றே பணிந்து வேண்டிக்கொண்டதாகவும் பின்னர் அவரே எழுதினார். அதன்பின் அவர் செய்தது அசுர சாதகம். கச்சேரியின் இடைவேளையிலும் வாத்தியத்தைக் கீழே வைக்காதவர் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆரணியில் தறிக்குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்திருக்கும் நெசவாளர் மிதியையும் நாடாவையும் கண்ணால் பாராமலே இயக்குவதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டுமோ, அத்தனைப் பழக்கம் அவர் விரல்களில் ஏறியிருந்தது.

அந்தச் சாதகத்தின் கனியே 1964 டிசம்பர் 9ஆம் தேதி நியூ ஜெர்சியில் பதிவான 'எ லவ் சுப்ரீம்'. அதன் முதற்பகுதியில் நான்கு ஸ்வரங்களாலான ஒரு சிறு பிரயோகத்தை, பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் மாறி மாறி ஆதாரமாகக் கொண்டு வாசித்துக் காட்டுகிறார். எங்கும் நிறைந்தவனை எத்திசையில் நின்றும் அழைக்கலாம் என்று சொல்வது போலிருக்கிறது. அதனினும் வியப்பு நான்காம் பகுதி. இறைவனைத் துதித்துத் தாம் எழுதிய ஒரு கவிதையை, வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல், அசை அசையாகக் குழலிலேயே வாசிக்கிறார். இசைத்தட்டின் உறையில் அச்சாகியிருக்கும் வரிகளைக் கண்ணால் தொடர்ந்தால், சொல் முடியுமிடத்தில் மூச்சும் முடிவதைக் காதால் கேட்கலாம். கீர்த்தனையின் சாகித்தியம் துலங்க நாகஸ்வரம் வாசிக்கும் வித்வான்களைக் கேட்டவர்களுக்கு இது புரியும். பஞ்சாட்சரத்தையே வேய்ங்குழலில் வாசித்து முக்தி பெற்ற ஆனாய நாயனாரை நாம் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

இதோடு நின்றிருந்தால் உலகம் அவரைத் தயக்கமின்றிக் கொண்டாடியிருக்கும். அவர் நிற்கவில்லை. 1965 ஜூனில் தம்மையும் சேர்த்துப் பதினொரு கலைஞர்களைக் கூட்டி, ஏறக்குறைய நாற்பது நிமிஷம் ராகமும் தாளமும் கட்டவிழ்ந்து கொந்தளிக்கும் 'அசென்ஷன்' என்ற படைப்பைப் பதிவு செய்தார். ஃபாரோ சாண்டர்ஸ் என்ற இளைஞர் குழுவில் சேர்ந்து, ஸாக்ஸஃபோனில் அலறலையே ஒரு பாஷையாக்கினார். இரைச்சலுக்கிடையே தம் வாசிப்பே தமக்குக் கேட்கவில்லை என்று பியானோ கலைஞர் மெக்காய் டைனர் விலகினார். சில வாரங்களில் டிரம்ஸ் வாசித்த எல்வின் ஜோன்ஸும் போனார். ரசிகர்களில் பலர் எழுந்து வெளியேறினார்கள்.

இறைச்சி படைத்த வேடர் கண்ணப்பரின் பூசையைக் கண்டு ஆகம முறைப்படி பூசிக்கும் சிவகோசரியார் துடித்ததும் இவ்வாறுதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு பேதம் உண்டு. கண்ணப்பர் ஆகமம் அறியாதவர். அவருடைய மீறல் அறியாத அன்பின் மீறல். கோல்ட்ரேனோ விதிகள் அனைத்தையும் விரல் நுனியில் வைத்திருந்தவர், இனிமையால் புகழும் பொருளும் பெற்றவர். இனிமையும் ஓர் உடைமைதான். ஆகவே அவர் செய்ததைத் துறவு என்றே நான் கொள்கிறேன். இல்லாதவன் துறப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால், பயிலாதவன் எழுப்பும் ஓலத்தை இதனோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. துறவிக்கும் சறுக்கல் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்து வாசகத்தை ஓதித் தொடங்கும் 'ஓம்' என்ற அவருடைய பதிவில், மந்திரம் வெளியிலிருந்து ஒட்டவைத்ததாகவே என் செவிக்குப் படுகிறது. 'எ லவ் சுப்ரீ'மில் வாய் பேசாத துதி பேசிய அளவுக்கு, இங்கே வாய்விட்டு ஓதிய மந்திரம் பேசவில்லை.

1966இல் ஜப்பானுக்குச் சென்றபோது நாகசாகியில் குண்டுவீச்சில் மாண்டவர்களின் நினைவிடத்தில் நின்று பிரார்த்தித்தார். வருங்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள் என்று அந்தப் பயணத்தில் கேட்டவர்களிடம், ஒரு மகானாக விரும்புவதாகச் சொன்னார். அகங்காரமற்ற நிலையை அடைய விரும்புவதும் அகங்காரமாகுமா என்று வேதாந்திகள் வாதிடலாம்; முமுட்சுத்துவம் என்ற முக்தி வேட்கையைச் சாதகனுக்குரிய தகுதிகளில் ஒன்றாக வைத்தவர்களும் அவர்களே அல்லவா? அடுத்த ஆண்டு ஜூலை 17ஆம் தேதி, நாற்பதாம் வயதில், ஈரல் புற்றுநோயால் அவர் காலமானார்.

துக்கத்தில் ஆழ்ந்த அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனுக்குக் குருவாக வாய்த்தவர் நம்மவர்: கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்து, சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று நியூயார்க் சென்ற சுவாமி சச்சிதானந்தர். அவர் பெயரைத் தாங்கி 1971இல் வெளிவந்த ஆலிஸின் இசைத்தட்டில், தம்பூரா இடையறாது மீட்ட, அதே ஃபாரோ சாண்டர்ஸ் சாந்தமாக வாசிக்கிறார். பின்னாளில் துரியசங்கீதானந்தா என்ற பெயருடன் ஆலிஸ் கலிபோர்னியாவில் ஓர் ஆசிரமம் நிறுவினார். அங்கே ராம நாமமும் கிருஷ்ண நாமமும் கறுப்பினத் தேவாலயத்தின் மெட்டில், ஆர்கனும் கைத்தட்டலும் சேர, உரத்த குரலில் பாடப்பட்டன.