விடுவதே வீடு



'வீடு' என்னும் சொல் நம் தமிழில் இரு பொருள் தருவது. நாம் குடியிருக்கும் இல்லமும் வீடு. இருவினையும் அற்ற உயிர் எய்தும் முத்தியும் வீடு. பழைய நூல்கள் குடியிருப்பை 'மனை' என்றும் 'இல்' என்றும் பெரும்பாலும் வழங்கின. அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் நிற்கும் வீடோ 'விடு' என்னும் அடியிலிருந்து வந்தது. விடுதலையைக் குறிக்கும் அச்சொல்லையே, விடுவதற்கு மனம் வராத ஒன்றுக்கும் நாம் பெயராக வைத்துக் கொண்டோம். இதனை நமக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியை இவ்விதழில் எண்ணிப் பார்ப்போம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் தென்காசிக்குச் சென்றிருந்தோம். குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நிறைந்திருந்தது. நாம் சென்றது அருவியாடற்கன்று; நெடுநாள் நண்பர் ஒருவரைக் காண்பதற்கே. அவர் தந்தையார் அரசுப் பணியின் பொருட்டு வந்தவாசிப் பக்கத்திலிருந்து தென்காசிக்கு வந்து, 1950களில் ஒரு பழைய வீட்டை வாங்கி அங்கேயே நிலைத்தவர். நண்பரோ ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அவர்தம் துணைவியார்க்கும் வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது.

திண்ணை, பட்டாசாலை, அரங்கு, அடுக்களை, பின்கட்டில் கிணறு என நீண்டு செல்லும் ஓட்டு வீடு அது. அரங்கின் மூலையில் ஒரு மாடத்தில் அருகப்பெருமானின் சிறு திருவுருவம். நாள்தோறும் சென்று வழிபட அவர்களுக்கு அருகில் ஜினாலயம் இல்லை. ஆதலின் எஞ்சிய நாட்களைப் பொன்னூர் மலைப் பக்கம், ஆலயமணி காதில் விழும் தொலைவில் கழிக்க விரும்பினர். வீட்டை விற்பதென்று முடிவு செய்தனர்.

பிள்ளைகள் மூவர். மூத்தவரும் மகளும் வருத்தத்தோடு இசைந்தனர். இளைய மகன் மட்டும் இசையவில்லை. "ஆண்டுதோறும் சாரலுக்குப் பிள்ளைகளை அழைத்து வருகிறேனே, அப்பா! இதை விற்றால் இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்" என்று கூறிச் சென்றவர், இரு திங்களாகப் பேசவில்லை. அன்னையார் கண்ணீர் விட்டார். "நாங்கள் பாவம் செய்கிறோமா?" என்று நம்மைக் கேட்டார்.

நூல்கள் கூறுவது

இல்லறத்தார்க்குரிய ஐந்தாம் அணுவிரதம் மிகுபொருள் விரும்பாமை. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமிகள், இவ்விரதத்தின் எல்லையைக் கடக்கும் குற்றங்களைக் கூறுமிடத்து நிலத்தையும் மனையையுமே முதலில் வைத்தார். பொன்னும் தானியமும் அதன் பின்னரே வருகின்றன. அவரே பற்றுக்கு இலக்கணம் கூறும்போது பொருளைச் சுட்டவில்லை. பொருளின்மேல் உண்டாகும் மயக்கத்தையே சுட்டினார். ஆகவே சுவரும் கூரையும் பரிக்கிரகம் ஆவது நம் மனத்தினால்தான்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. வீட்டை விற்றதனாலேயே ஒருவர் துறந்தவர் ஆகிவிடார். பத்திரம் பதிந்த பின்னும் பத்து ஆண்டுகள் அவ்வீட்டை மனத்தில் சுமப்பவர் உண்டு. பொன்னூர் மலையோடு போற்றப்படும் ஆசாரியர் குந்தகுந்தர், தம் சமயசாரத்தில், 'இது எனது' என்பவனை மட்டுமன்றி, 'இது முன்பு எனதாயிருந்தது' என்பவனையும், 'மீண்டும் எனதாகும்' என்பவனையும் மயங்கியவன் வரிசையிலேயே சேர்த்தார். இறந்த காலமும் ஒரு பற்றே என்பது எத்துணை நுட்பமானது!

மறுபுறம், உரிய காலத்தில் இல்லப் பொறுப்பை இறக்கி வைப்பது பாவமன்று. ஸ்ரீ சமந்தபத்திரர் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விளக்கும் பதினொரு நிலைகளில், ஒன்பதாவது பொருட்பற்றை விடுதல் ஆகும். இல்லறத்தாருக்கு அது பழைய வழியே. அந்த அன்னையார்க்கு நாம் சொன்ன மறுமொழி இதுதான்: "விற்பது பாவமன்று, அம்மா, எப்படி விற்கிறோம் என்பதில்தான் அறமும் மறமும் உள்ளன."

பரதர் கண்ட மலை

அன்று மாலை நண்பர் நிலைவாசலின் மேற்சட்டத்தைக் காட்டினார். வீட்டை விற்கும் முன் பழைய வண்ணத்தைச் சுரண்டியிருந்தனர். அதில் அவர் தந்தையாரின் பெயர் செதுக்கப்பட்டிருந்தது. அதன் அடியில் மரம் சற்றுக் குழிந்திருந்தது. உளியின் தடம் தெரிந்தது. "முன்பிருந்தவரின் பெயர் அது. வீடு வாங்கியதும் தச்சரை அழைத்து என் தந்தையார் செய்த முதல் வேலை, அதை எடுப்பித்ததுதான்" என்றார் நண்பர்.

நமக்கு உடனே ஆதிபுராணம் நினைவுக்கு வந்தது. ஆறு கண்டங்களையும் வென்ற பரத சக்கரவர்த்தி, தம் பெயரைப் பொறிக்க விருஷபாசல மலைக்குச் சென்றார். மலை முழுதும் முன்னிருந்த சக்கரவர்த்திகளின் பெயர்கள்! எழுதுவதற்கு இடமில்லை. ஒருவர் பெயரை அழித்தே தம் பெயரை எழுத வேண்டியதாயிற்று. 'இவ்வுலகம் எனது' என்ற செருக்கு அவ்விடத்தே தளர்ந்தது. அழித்த கைக்கு, தன் பெயரையும் ஒரு கை அழிக்கும் என்பது தெரிந்துவிட்டதன்றோ?

அப்போது அன்னையார் மெல்லப் பேசினார். "நான் மருமகளாக வந்த புதிதில், ஒரு சாரல் காலத்தில், வயதான அம்மாள் ஒருவர் வந்து இந்தத் திண்ணையில் நின்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, தாம் பிறந்தது இவ்வீட்டில்தான் என்று சொல்லிச் சென்றார். உள்ளே வாருங்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை."

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. 'நம் பரம்பரை வீடு' என்று நாம் சொல்லுவது, நமக்கு முன் வேறொருவர் அழுது விட்டுச் சென்ற வீடாகவும் இருக்கலாம்.

நிலைத்தது எது?

மறுநாள் நண்பரோடு சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குச் சென்றோம். இளைய மகனையும் அங்கே வரும்படி சொல்லியிருந்தோம், வந்திருந்தார். பாண்டியர் காலத்தில், கி.பி. 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில், நம் முன்னோர் பாறையில் செதுக்குவித்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வெயிலிலும் மழையிலும் அப்படியே வீற்றிருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள், அவற்றைச் செய்வித்தோரின் ஊரையும் பெயரையும் கூறுகின்றன. அவர்களுள் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசாரியர்களும் உண்டு.

அம்மகனிடம் நாம் கூறினோம்: "தம்பி! இவர்கள் எல்லோருக்கும் வீடு இருந்திருக்கும். திண்ணையும் முற்றமும் இருந்திருக்கும். பங்குச் சண்டைகளும் இருந்திருக்கலாம். அவ்வீடுகளுள் ஒன்றையேனும் இன்று நாம் காட்ட இயலுமா? தமக்கென வைத்தவை போயின, கொடுத்தவை நிற்கின்றன." அவர் நெடுநேரம் பாறையையே பார்த்துக் கொண்டிருந்தார். பின்னர், "வீட்டுக்காக அழவில்லை, ஐயா. அப்பாவும் அம்மாவும் இனி அங்கே இருக்க மாட்டார்களே என்றுதான்" என்றார். நண்பர் மகனின் தோளில் கை வைத்தார். வீட்டின்மேல் ஏற்றி வைத்த பற்று உண்மையில் எதன் பற்று என்பது அப்போதுதான் தந்தைக்கும் மகனுக்கும் விளங்கிற்று.

விற்கும்போது காக்க வேண்டிய விரதம்

சிராவகர்களே! ஊர்ப்புற வீடுகளை விற்கும் நிலை இன்று நம் குடும்பங்கள் பலவற்றிற்கு வந்துள்ளது. செட்டிநாட்டைப் பாருங்கள். ஒரு மாளிகைக்கு உரியவர் பலராகி, ஒருமனப்படாமையால் பூட்டியே கிடந்து சிதைந்தவை பல. பிரித்து விற்கப்பட்ட தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கின்றன. விடவேண்டிய காலத்தில் அன்போடு விடாததன் விளைவுகளுள் இதுவும் ஒன்று.

ஆதலின் சிலவற்றை மனத்திற் கொள்வோம். வீட்டின் குறையை மறைப்பது வாய்மைக்குக் கேடு. உண்மை விலையைக் குறைத்துப் பத்திரத்தில் காட்டுவது பொய்யும் களவும் ஆகும். மகளுக்குரிய பங்கை 'சீர் செய்தோமே' என்று தட்டிக் கழிப்பதும் அத்தகையதே. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் நமக்கும் பொருந்துவது. மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனைப் போன்ற உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே வழங்கிற்று; நாடு முழுதும் 2005இல் வந்தது. சட்டம் சொல்லுமுன்பே அறம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டை ஒழிக்கும்போது ஓட்டிடுக்கில் குருவிக் கூடிருப்பின், குஞ்சு பறக்கும்வரை பொறுத்திருத்தலும் நம் கடமையே. விற்ற தொகையில் ஒரு பகுதி நால்வகைத் தானத்திற்கு என முன்னரே ஒதுக்கிவிட்டால், உலோபம் உள்ளே நுழைய வழியிராது.

நம் நண்பர் அவ்வாறே செய்தார். மழைக்காலத்தில் பின்கட்டு ஒழுகும் என்பதையும், பங்குனியில் கிணறு வற்றும் என்பதையும் வாங்குவோரிடம் முதலிலேயே சொன்னார். சிறிது விலை குறைந்தது, மனம் குறையவில்லை. பதிவு நாளன்று மூன்று பிள்ளைகளும் உடன் இருந்தனர். "நிலைவாசலில் உள்ள பெயரை எடுத்துவிடலாம், எங்களுக்கு வருத்தமில்லை" என்றும் அவரே கூறினார்.

அருகப்பெருமானின் திருவுருவத்தை மடியில் ஏந்திக்கொண்டு வண்டியில் ஏறுமுன், அன்னையார் புதிதாக வந்த இல்லத்தரசியின் கையைப் பற்றிக் கொண்டார். தமக்கென எதுவும் கேட்கவில்லை. "எப்போதாவது யாரேனும் வந்து இந்தத் திண்ணையில் நின்றால், தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதே, அம்மா. உள்ளே கூப்பிடு" என்றார்.

இல்லத்தை விட்டு நீங்கும்போது இத்தகைய மனம் வாய்க்குமாயின், அழியாத அந்த வீட்டிற்கு நாம் ஓரடி நெருங்கினோம் என்றே கொள்ளலாம்.

அருகன் திருவடி வாழ்க! அறநெறி ஓங்குக!