203-க்கு அடுத்த அறை

ஜப்பானுக்கு வந்த மூன்றாம் வாரத்தில் நாலு பேரைச் சாகடித்துவிட்டேன். ஒரே ஒரு சொல்லால்.

தொகுஷிமா நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. முதியவர்களைப் பராமரிக்கும் இந்த வேலைக்கு இங்கே ‘கைகோ’ என்று பெயர். அன்று குளிப்பாட்டும் முறை. இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று மூத்த பணியாளர் உள்ளிருந்து கேட்டார். பாடப்புத்தகத்தில் நான் படித்த வரிசை ‘இச்சி, நி, சன், ஷி’. ஆட்களை எண்ணும்போது பின்னால் ‘நின்’ சேர்க்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒட்டவைத்து “ஷிநின்” என்று உரக்கச் சொன்னேன்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. ‘ஷிநின்’ என்றால் செத்தவர். நாலு பேர் என்பதற்கு ‘யோநின்’ என்று சொல்ல வேண்டும். துண்டைப் போர்த்திக்கொண்டு சக்கர நாற்காலிகளில் காத்திருந்த நால்வரில் ஒரு தாத்தா மெல்லக் கையைத் தூக்கி, “இன்னும் இல்லை” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் காது மட்டும் சாயங்காலம் வரை சுட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலை 205-ஆம் அறை அம்மா என்னைக் கூப்பிட்டார். வயது 91. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கிழித்த நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டுத் தூரிகைப் பேனாவால் எழுதிக் காட்டினார். ஒன்றுக்குக் கிடையாக ஒரு கோடு. இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. அதுவரை படிக்காதவர்கூடப் பார்த்தே சொல்லிவிடலாம். நான்கில் அது நின்றுபோகிறது. மிகப் பழைய சீன எழுத்தில் நான்கும் நாலு கோடுகளாகத்தான் இருந்தது. பிறகு எப்படியோ ஒரு பெட்டியாகிவிட்டது: உள்ளே இரண்டு கால்கள் தெரியும் மூடிய பெட்டி.

நாலு என்றாலும் எழுத ஐந்து இழுப்பு. முதலில் இடப்பக்கச் சுவர். அடுத்து கூரையும் வலப்பக்கச் சுவரும் ஒரே மடக்கில். பிறகு உள்ளே இடக்கால். அப்புறம் வலக்கால், அது கீழே வந்து வளையும். தரைக்கோடு கடைசியில்தான். நான் பெட்டியை முதலில் மூடிவிட்டுக் கால்களை உள்ளே திணித்தேன். அம்மா தாளைத் தட்டினார். “ஆள் உள்ளே போன பிறகுதான் கதவைச் சாத்தணும்.”

எழுத்து ஒன்று, அதைக் கூப்பிடும் பெயர்கள் பல. சீனத்திலிருந்து வந்த ஒலி ‘ஷி’. ஜப்பானுக்கே உரியவை ‘யோன்’, ‘யோ’. மணி நாலு என்றால் ‘யோஜி’, நாலு வருடம் ‘யோநென்’, நாலாம் தேதி ‘யொக்கா’. சாவைக் குறிக்கும் சொல்லும் ‘ஷி’ என்பதால் முடிந்த இடத்திலெல்லாம் ‘யோ’ பக்கம் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கிண்ணங்களைப் பரிசாகக் கொடுத்தால் ஐந்தாகக் கொடுப்பார்கள். 42 என்பதை ‘ஷி நி’ என்று வாசித்தால் சாகப்போவது போல ஒலிக்கும். 49-ஐ ‘ஷி கு’ என்றால் சாவும் துன்பமும். அதனால் 42-இலும் 49-இலும் முடியும் வண்டி எண்களைக் கேட்டு வாங்கினாலொழியக் கொடுப்பதில்லை. எங்கள் இல்லத்தில் 203-க்கு அடுத்த கதவு 205. நடுவில் சுவர்தான்.

ஆனால் ஒதுக்க முடியாத இடங்களும் உண்டு. ஏப்ரல் மாதம் ‘ஷிகத்ஸு’, அதை ‘யோ’ என்று மாற்றிச் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் திறப்பதும் புதுக் கணக்கு தொடங்குவதும் அந்த மாதத்தில்தான். நான்கு பருவங்கள் ‘ஷிகி’. நான் இருக்கும் தீவே ஷிகொகு, அதாவது நான்கு நாடு. ஆவா, தோசா, இயோ, சனுகி என்ற நான்கு பழைய நாடுகள் சேர்ந்தது. அந்தப் பெயரில் ‘கொகு’ என்ற எழுத்தும் ஒரு மூடிய பெட்டிதான். இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்து எழுதி அதற்குள் வாழ்கிறோம்.

இன்னொன்றைத் தற்செயலாகக் கவனித்தேன். ஜப்பானியர்கள் ஒன்றிலிருந்து மேலே எண்ணும்போது ‘ஷி’ என்பார்கள். பத்திலிருந்து கீழே எண்ணும்போது ‘யோன்’ என்பார்கள். காரணம் கேட்டால் நாக்குப் பழக்கம் என்று சிரிக்கிறார்கள். 1928-இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி இன்றும் காலை 6.30-க்கு ஒலிக்கிறது. எங்கள் கூடத்தில் அதன் பதிவைப் போட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகள் உயரும். “இச்சி, நி, சன், ஷி…” எட்டு வரை. நாலாம் எண் அறையே இல்லாத வீட்டில், தொண்ணூறைத் தொட்டவர்கள் தினமும் பத்து நிமிடத்தில் எத்தனையோ முறை ‘ஷி’ என்று சத்தமாகச் சொல்கிறார்கள். ஒருவரும் பயப்படவில்லை.

அப்படியானால் அந்தச் சுவர் எதற்கு?

மூடநம்பிக்கை என்று சொல்லிவிடுவது சுலபம். என் வாய் அதற்குத் துணியவில்லை. பாபநாசம் பக்கத்தில் எங்கள் களத்தில் அப்பா மரக்காலால் நெல் அளக்கும்போது “ஒண்ணு” என்று தொடங்கி நான் கேட்டதில்லை. “லாபம், ரெண்டு, மூணு” என்றுதான் அளப்பார். என் அம்மா விளக்கை அணைக்கச் சொல்லமாட்டாள், குளிரவைக்கச் சொல்வாள். செத்தாரை ‘துஞ்சினார்’ என்று சொல்வதை ‘மங்கலம்’ என்று பெயரிட்டு இலக்கணத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது நன்னூல். சொல்லாமல் சொல்வது எனக்குப் புதிதில்லை.

நாலு என்ற எண்ணையும் சாவையும் நாமும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம், வேறு விதத்தில். “தூக்கிப்போட நாலு பேர் வேணும்” என்பாள் பாட்டி, யாரோடாவது சண்டை வந்து சமாதானம் ஆகும்போது. அவளுக்கு நாலு என்பது பயம் இல்லை, துணை. 205 அம்மாவிடம் அதை என் உடைந்த ஜப்பானியத்தில் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “நல்ல கணக்கு” என்றார்.

புத்தர் விஷயத்திலும் நாலு எங்கும் நிற்கிறது. வாய்மைகள் நான்கு. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்று துன்பங்கள் நான்கு. மேலும் நான்கு சேர்த்து எட்டாக்கி ‘ஷிகு ஹக்கு’ என்பார்கள். அது பேச்சு வழக்கில் இறங்கி, படாத பாடு படுவதற்குப் பெயராகிவிட்டது. ஆள் குறைந்த நாளில் எங்கள் சமையல்காரர்கூட “இன்னைக்கு ஷிகு ஹக்கு” என்று புலம்புவார். இறந்தவருக்குச் செய்யும் 49-ஆம் நாள் சடங்கு ‘ஷிஜூகுநிச்சி’. வண்டியில் ஒட்ட அஞ்சும் அதே எண், சடங்கில் தலைநிமிர்ந்து வருகிறது.

சித்தார்த்தனின் கதையை இங்கே ‘நான்கு வாயில்கள்’ என்று சொல்கிறார்கள். கிழக்கு வாயிலில் கிழவர், தெற்கில் நோயாளி, மேற்கில் பிணம், வடக்கில் துறவி. மகன் கண்ணில் இவை எதுவும் படக்கூடாது என்று தந்தை சுத்தோதனர் அரண்மனையை அடைத்து வைத்தாராம். அந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு அந்த எழுத்துதான் நினைவு வந்தது. சுவர், கூரை, உள்ளே நடக்கத் துடிக்கும் இரண்டு கால்கள். தந்தை தரைக்கோட்டை முந்தியே இழுத்துவிட்டார்.

எங்கள் இல்லமும் சுத்தோதனர் செய்ததைத்தான் செய்கிறதா? அம்மாவிடமே கேட்டுவிட்டேன். 204 இல்லாதது உங்களை ஏமாற்றுவது போல் இல்லையா?

“சாவைப் பற்றி நினைக்க எனக்கு நாள் முழுக்க நேரம் இருக்கு. அதைக் கதவிலும் எழுதி ஒட்டணுமா?” என்றார்.

எனக்கு அப்போதுதான் வேறுபாடு பிடிபட்டது. மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு. சுத்தோதனர் மறைத்தது, அறியாதவன் அறியாமலே இருப்பதற்காக. இங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை அந்தச் சுவர். ஆனால் மரியாதை என்று தொடங்கியது எப்போது மறைப்பாக மாறிவிடும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல ஓர் இடமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது.

இந்தத் தீவில் அப்படி ஓர் இடம் இருக்கிறது, சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு. இங்கே பிறந்த துறவி கூகாயின் பெயரால் 88 கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரை. நான்கு நாடுகளும் நான்கு படிகள்: விழிப்பு, பயிற்சி, ஞானம், நிர்வாணம். முதல் கோயில் எங்கள் மாவட்டத்தின் நருதோ ஊரில். 13 முதல் 17 வரை எங்கள் நகரத்துக்குள்ளேயே. விடுமுறை நாளில் யாத்திரை போகிறவர்களைப் பார்க்கிறேன். போட்டிருக்கும் வெள்ளை உடை பிணத்துக்குப் போர்த்தும் உடை. கையிலுள்ள தடி, வழியில் விழுந்தால் அங்கேயே நட வேண்டிய கல்லறைக் குறி. பூங்காவுக்குப் போவது போலச் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். தொப்பியில் ‘இருவர் சேர்ந்து நடக்கிறோம்’ என்ற பொருளில் எழுதியிருக்கும். தனியே நடந்தாலும் கூகாய் கூட வருகிறார் என்று நம்பிக்கை. அந்தக் கூகாயையும் 835-இல் இறந்தார் என்று பக்தர்கள் சொல்வதில்லை. கோயா மலையில் தியானத்தில் இருக்கிறார் என்று தினம் இரு வேளை உணவு கொண்டுபோகிறார்கள். நாம் ‘சமாதி ஆனார்’ என்கிறோமே, அதே பேச்சு. தங்கள் சாவை உடுத்திக்கொண்டு நடப்பவர்கள், அவருடைய சாவை மட்டும் வாயால் சொல்வதில்லை.

போன பிப்ரவரியில், அன்று கையைத் தூக்கிய தாத்தா போய்விட்டார். பின்வாசல் வழியாகத்தான் கொண்டுபோவார்கள் என்று நினைத்து அங்கே போய் நின்றேன். என்னை முன்பக்கம் கூப்பிட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வாசலில் வரிசையாக இருந்தார்கள், 205 அம்மா சக்கர நாற்காலியில். முகத்தை மூடாமல், முன்வாசல் வழியே, எல்லோர் கண்ணெதிரே அவரைக் கொண்டுபோனார்கள். அறைக் கதவில் ஓர் எண்ணைப் போட மனம் வராத வீடு, இதை ஒளிக்கவில்லை. வண்டி திரும்பி மறையும் வரை குனிந்த தலைகள் நிமிரவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல உடற்பயிற்சி. “சன், ஷி” என்று அம்மாவின் குரல் கேட்டது, முந்தின நாளைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மதியம் ஜன்னலோர மேசைக்கு எத்தனை சாப்பாடு என்று சமையலறையிலிருந்து கேட்டார்கள். அது ஐந்து பேர் உட்கார்ந்த மேசை. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யோநின்” என்றேன்.