புழுவின் தலையெழுத்து

இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்த வரும் கூட்டம், ஆடி கடைசி வெள்ளியன்று அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே கொள்ளாது. என் கண் போவதோ புல்லில் ஒண்டும் ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சி மேல். மெலானிடிஸ் லீடா என்பது அறிவியல் பெயர். மழைப் பருவத்தில் பிறந்தால் இறக்கையோரம் வரிசையாகக் கண் போன்ற வட்டங்கள். பறவை அங்கே கொத்தும், பூச்சி உயிர் தப்பும். வறண்ட பருவத்தில் அந்தக் கண்கள் புள்ளியாகச் சுருங்கிவிடும். பூச்சி அச்சு அசல் சருகு. இனம் ஒன்றுதான். புழுவாக இருக்கையில் உணரும் வெப்பநிலை போன்ற அறிகுறிகளே உருவத்தைத் தீர்மானிக்கின்றன.

"எல்லாம் அவ எழுதினபடி" என்பாள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய என் அம்மா. எழுத்து இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 'ஈரமென்றால் இது, வறட்சியென்றால் அது' என்று நிபந்தனை போட்ட எழுத்து. ஒரே வேஷம் தெரிந்த வம்சங்கள் மறு பருவத்தில் இரையாகிக் குறைய, இரண்டும் தெரிந்தவை தலைமுறை தலைமுறையாகப் பெருகியதில் உண்டானது. அறிகுறி பொய்த்தால் வேஷமும் பொய்க்கும். மழை ஏமாற்றும் எங்கள் கரிசலில் அது சின்ன விஷயமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "றெக்க முளைச்ச பெறகு மாத்திக்கிடுமா?" என்றாள்.

மாற்ற முடியாது. இரண்டு வழியும் திறந்திருப்பது புழுவுக்குத்தான். "அதத்தான நானும் சொல்லுதேன்" என்று குங்குமத்தை நீட்டினாள்.