ஊர்தித் தெரிவும் மனித சுதந்திரமும்

ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குச் செல்ல விரும்பும் ஒருவர் எவ்வூர்தியிற் செல்வதெனத் தெரிவது அறவியல் ஆராயத்தக்க விடயமா என்னும் வினா முதற் பார்வையில் அற்பமானதாகவே தோன்றும். கட்டணம், காலம், வசதி ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கினால் விடை கிடைத்துவிடும். நன்மை தீமை பற்றிய ஆராய்ச்சிக்கு இதில் இடமேது என்று கேட்போர் உளர். ஆயின், இரண்டு வார விடுமுறையில் பாரிஸ், சூரிச், மிலான், இலண்டன் என நான்கு நாடுகளின் நகரங்களைக் காணத் திட்டமிடும் ஒருவரின் கணக்கில் இன்று நான்காவது நிரலொன்றும் சேர்ந்துள்ளது. குறுந்தூரப் பயணங்களில், பயணியொருவருக்கு விமானம் வெளிவிடும் காபனீரொட்சைட்டு மின்சாரப் புகையிரதத்தினதைவிடப் பன்மடங்கு அதிகம். இரண்டரை மணி நேரத்துள் புகையிரதத்தில் அடையக்கூடிய உள்நாட்டு நகரங்களுக்கிடையே விமானம் பறப்பதை 2023 ஆம் ஆண்டில் பிரான்சு சட்டத்தாற் தடுத்தது. (பாரிஸ் ஓர்லி நிலையத்திலிருந்து செல்லும் மூன்று தடங்களே அதனால் நின்றன என்பதையும் சொல்லிவிடல் வேண்டும்.) சுவீடியர், விமானத்திற் பறப்பதற்கு நாணுதல் என்ற பொருள்படத் தம் மொழியில் ஒரு சொல்லையே ஆக்கிக்கொண்டனர்.

ஆக, மெதுவான ஊர்தியைத் தெரிபவர் நல்லவர், விரைவானதைத் தெரிபவர் பழிக்குரியவர் என்றொரு தீர்ப்பு உருவாகி வருகின்றது. இத்தீர்ப்பு முற்றிலும் தவறானதன்று. எனினும், பதுளைப் புகையிரதப் பாதையில் வைத்து இதனை உரைத்துப் பார்க்குமிடத்து, அதனுள் மறைந்து கிடக்கும் எடுகோளொன்று புலப்படுகின்றது. பயணம் செய்யும் எவரும் தெரிவு செய்தே பயணம் செய்கின்றனர் என்பதே அது.

தெரிவு பற்றிய பழைய ஆராய்ச்சிகளுள் அரிஸ்டோட்டிலின் நிக்கொமாக்கிய அறவியல் மூன்றாம் நூல் முதன்மையானது. மனிதர் ஆராய்ந்து தெரிவது நோக்கங்களையன்று, நோக்கங்களை அடைவிக்கும் வழிகளையே என்பது அவர் கொள்கை. நோயைத் தீர்ப்பதா விடுவதா என்று வைத்தியர் ஆராய்வதில்லை. எப்படித் தீர்ப்பது என்றே ஆராய்கின்றார். இக்கொள்கையின்படி ஊர்தி வெறும் வழி, சேருமிடமே நோக்கம். ஆனால் விடுமுறைப் பயணத்தில் இவ்வேறுபாடு குலைந்துவிடுகின்றது. கொழும்பிலிருந்து பதுளை வரையுள்ள ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரத்தைப் பத்து மணி நேரமளவிற் கடக்கும் வண்டியில் ஏறும் வெளிநாட்டு உலாப் பயணிக்கு, பட்டிப்பொலவில் 1,897 மீற்றர் உயரத்தைத் தொடுவதும், தெமோதரை நிலையத்தைச் சுற்றி இறங்கிய பாதை அந்நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து செல்வதும், எல்லைக்கு அப்பால் ஒன்பது வளைவுகளையுடைய கற்பாலத்தைக் கடப்பதுமே பயணத்தின் பயன். எல்ல என்னும் ஊரின் பெயரையே இங்கு எல்லை என வழங்குகின்றேன். மலையக மக்கள் வழக்கும் அதுவே. வண்டி மெதுவாகச் செல்லச் செல்ல அவருக்கு இலாபம்.

அதே வண்டியில், அதே மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசலில், நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஹாலி-எலைக்கு உறவினர் வீட்டு மரணத்துக்குச் செல்லும் ஒருவர் நிற்கக்கூடும். அவர் நாட்சம்பளக்காரர். அன்று அவருக்குப் பேர் விழாது. பத்து மணி நேரமோ ஐந்து மணி நேரமோ, அது அவர் கையிலிருந்து கழியும் கூலியாகும். மெதுவாகச் செல்வதில் அவர் காணத்தக்க அறமென்று எதுவுமில்லை. மலிவென்பதால் அதில் ஏறினார். உண்ணாநோன்பு இருப்பவனும் பட்டினி கிடப்பவனும் உண்ணாமையால் ஒத்தவர்களேயாயினும், முன்னவனுக்கு உண்ணும் வாய்ப்பு இருந்தது, பின்னவனுக்கு இருக்கவில்லை என்று அமர்த்தியா சென் காட்டும் வேறுபாடு இவ்விருவர்க்கும் அப்படியே பொருந்தும். வாசலில் நிற்றல் ஒன்றே. ஒருவருக்கு அது நோன்பு, மற்றவருக்கு அது பட்டினி.

இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொள்வோரும், ஒருவர் தெரிவு இன்னொருவரைத் தீண்டாதவரை அதிற் குற்றமில்லையே என்பர். தீண்டுகின்றது என்பதே என் கருத்து. எல்லை செல்லும் வண்டிகளின் முற்பதிவு இருக்கைகள் விற்பனைக்கு வந்த மிகக் குறுகிய நேரத்துள் தீர்ந்துபோய், பின்னர் பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனையாவது பெரிய முறைப்பாடாக எழுந்து 2025 இல் விசாரணை வரை சென்றது. இருக்கை எண்ணிக்கை வரையறைப்பட்டது. ஒருவர் காட்சிக்காகத் தெரியும் இருக்கை, இன்னொருவர் தேவைக்காகத் தேடும் இருக்கையாகவும் இருக்கலாம். இதற்கு உலாப் பயணியைக் குற்றஞ்சாட்டுவது எளிது, நீதியன்று. ஆனால் அறம் பற்றிய கணக்கில் காபனீரொட்சைட்டுக்கு ஒரு நிரல் உண்டென்றால் இதற்கும் ஒன்று இருத்தல் வேண்டும்.

இப்பாதை யாருக்காக எழுந்தது என்பதை நோக்கினால் விடயம் மேலும் தெளிவுறும். மலைநாட்டுக்குப் புகையிரதத்தைக் கொணர்ந்தது கோப்பி. அதனை மேலே நீட்டியது தேயிலை. 1867 இல் கண்டி, 1885 இல் நானுஓயா, 1894 இல் பண்டாரவளை என ஏறிய பாதை, பதுளையை அடைய 1924 வரை சென்றது. தோட்டங்கள் பலவற்றில் மேல்மலைக் கொழுந்து மூட்டைகள் தொழிற்சாலைக்கு இரும்புக் கம்பி வடங்களில் மிதந்து இறங்கின. அக்கொழுந்தைக் கிள்ளிய பெண்கள் கூடையைத் தலையிற் கட்டிக்கொண்டு கால்நடையாகவே ஏறி இறங்கினர். கொழுந்து வாடினால் விலை குறையும். ஆகவே அதற்கு ஊர்தி வேண்டியிருந்தது. அப்பெண்களின் முன்னோர் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை வரையும், அங்கிருந்து ஊவா மலைகள் வரையும் நடந்தே வந்தவர்கள். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலும் இருபுறத்தும் புகையிரதமும் இணைந்தபின், சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே சீட்டிற் செல்ல முடிந்தது. இரு நாடுகளை இணைத்த அவ்வழி, ஐரோப்பியப் புகையிரத அனுமதிச்சீட்டு 1959 இல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்தியது.

அவ்வழியே பின்னர் வேறொரு பயணத்துக்கும் பயன்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரைப் பங்கிட்டுக்கொள்ள 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது: 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அதே 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. பதுளையில் ஏறிய குடும்பங்கள் பொல்காவலை சென்று, வடக்கே திரும்பி, மதவாச்சி வழியாகத் தலைமன்னாரை அடைந்தன. அவ்வண்டிகளை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர்.

சட்டத்தின் கண்ணில் இவர்கள் பலவந்தமாக ஏற்றப்பட்டவர்களல்லர். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள். கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இட்டவர்கள். அப்படியாயின் இதுவும் தெரிவுதானே? இங்கே மீண்டும் அரிஸ்டோட்டில் துணைக்கு வருகின்றார். புயலில் அகப்பட்ட கப்பலோட்டி சரக்குகளைக் கடலில் எறிகின்றான். எறியும் கை அவனுடையது. எறிவதா வேண்டாமா என்பதும் அவன் முடிவே. ஆயினும் சரக்கை எறியவேண்டுமென்று எவனும் தன்னளவில் விரும்புவதில்லை. விருப்பும் விருப்பின்மையும் கலந்த செயல்கள் என்று அவர் இவற்றை வகுக்கின்றார். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த வேளையில் விண்ணப்பப் படிவத்தில் இட்ட ஒப்பம் இவ்வகையினதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கப்பலோட்டியின் புயலை எவரும் உண்டாக்கவில்லை. தோட்டத்தார் மீது வீசியது மனிதர் இயற்றிய சட்டம். புயலைத் தாமே எழுப்பியோர், எறிந்தவனின் கையைக் காட்டி, அவன் விரும்பியே எறிந்தான் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டனர். தெரிவு என்ற சொல்லை நம் காலத்து நிருவாகம் எவ்வளவு மலிவாக வழங்குகின்றது என்பதற்கு இதனிலும் தக்க சான்றை நான் அறியேன்.

காபனீரொட்சைட்டின் கணக்கு ஏழை செல்வர் பார்ப்பதில்லையே என்று கேட்கலாம். மெய்தான், ஆனால் அதன் விளைவு பார்க்கின்றது. புவி வெப்பமுறும்போது பெருமழைகள் வலுக்கும் என்று அறிவியலார் கூறுகின்றனர். பெருமழை மலைச்சரிவுக்கு வரும்போது யார் வீட்டின்மேல் மண் விழுகின்றது என்பதை ஊவா நன்கறியும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் பதுளை மாவட்டம் பேரழிவுற்றது. மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தது. எந்தவொரு சரிவையும் எந்தவொரு விமானத்தின் கணக்கிலும் எழுதிவிட முடியாது. எனினும் விமானத்தில் ஒருமுறையும் ஏறாதோர் இவ்விடர்களின் முன்வரிசையில் இருக்கின்றனர் என்பதனால், தெரிவுடையோர்க்கு உரிய கடமை குறைவதில்லை, கூடுகின்றது. சம்பளத்துடன் விடுமுறை பெறும் ஒருவர் அரைநாளைச் சேமிப்பதற்காகப் பறப்பதற்கும், நாட்கூலியை இழக்கவியலாத ஒருவர் கிடைத்த விரைவான ஊர்தியில் ஏறுவதற்கும் ஒரே தராசு பொருந்தாது என்பதே நான் வலியுறுத்துவது.

இனி, பசறையிலோ லுணுகலையிலோ தோட்டமொன்றிற் பிறந்து, பட்டம் பெற்று, ஐரோப்பாவைக் காண விழையும் ஓர் ஆசிரியரை எண்ணிப் பார்ப்போம். அவர் முதலில் தெரிவது ஊர்தியையன்று. ஷெங்கன் விசாவுக்கு அவர் பயண நிரலும், தங்குமிடச் சான்றும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் முன்வைத்தல் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, திரும்பி வருவேன் என்று மெய்ப்பிக்கவேண்டும். அவருடைய பாட்டன் தலைமன்னாருக்கு ஏறியபோது இக்கேள்வி எழவில்லை. திரும்பாதிருப்பதே அச்சீட்டின் நிபந்தனை. பாரிசிலிருந்து இலண்டனுக்குக் கடலடியாற் செல்லும் புகையிரதம் 1994 முதல் ஓடுகின்றது, ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரப் பயணம். ஆனால் பிரித்தானியா ஷெங்கன் நாடன்று. அதற்கு வேறு விசா வேண்டும். ஒருமுறை நுழைவுக்கு மாத்திரம் விசா பெற்றவர் இலண்டன் சென்றால் பாரிசுக்குத் திரும்பவும் முடியாது. எனவே இலண்டன் பட்டியலிலிருந்து நீங்கும். பாரிசிலிருந்து சூரிச் செல்வது எவ்வாறு என்பது எஞ்சும். புகையிரதம் நான்கு மணி நேரமளவிற் கொண்டு சேர்க்கும். மலிவாகக் கிடைக்குமாயின் விமானமும் உண்டு. இவ்விடத்தில், அவர் திட்டமிடத் தொடங்கி எத்தனையோ மாதங்களுக்குப் பின்னர், அவருடைய ஊர்தித் தெரிவு முதன்முறையாக ஆரம்பமாகின்றது. அறவியல் அவரிடம் தன் கேள்வியைக் கேட்கும் உரிமை பெறுவதும் இங்கிருந்தே.