கட்டுவதற்கு ஒரு துண்டு நிலம்

தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்பவனே மானமுள்ளவன் என்னும் எண்ணம் நம் கிராமங்களில் ஆழ வேரூன்றியதாகும். 1984 இல் ஆரம்பமான பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் பெரும்பாலும் இவ்வெண்ணத்தின் மீதே நின்றது. அரசு சிறு கடனை வழங்கும். வீட்டைக் குடும்பமே கட்டும். கொடையிலும் கடனே மனிதனின் கௌரவத்தைக் காக்கும் என்பது அதன் உட்கிடை. இக்கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆயின், கட்டுபவனுக்குக் கடைக்கால் இட ஒரு துண்டு நிலமேனும் உண்டு என்பதை அது சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றது.

மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு அந்நிலம் இருந்ததில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பரா வேலையோடு வந்தது. வேலை போனால் கூரையும் போகும் என்னும் அச்சமும் உடன் வந்தது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டமையால் அரச காணிப் பங்கீடும் எட்டாததாயிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உரிமையாளரும் நிருவாகிகளும் மாறினர். லயத்தில் இருந்தவன் நிலை மாறவில்லை. தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தில் ஒரு குசினியைச் சேர்த்துக் கட்டவும் தோட்டத் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. இவனிடம் சுயமுயற்சி இல்லை என்பது, மண்வெட்டியைப் பறித்துவிட்டுச் சோம்பேறி என்பதை ஒக்கும்.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்ததே, ஏன் வெளியேறவில்லை எனச் சிலர் வினவினர். 'செய்ய வேண்டும்' என ஒருவனைப் பணிக்குமுன் அவனால் 'செய்ய இயலும்' என்பது உறுதியாக வேண்டும். காண்டின் அறவியலில் நாம் பயிலும் பாலபாடம் இது. எங்கே வெளியேறுவது? மேலும் கீழும் தேயிலை. அதில் ஓரடியும் அவர்களுடையதன்று.

பிற்காலத் தனிவீட்டுத் திட்டங்கள் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியை ஒதுக்கின. இந்திய உதவியுடன் மலையகத்தில் 4,000 வீடுகளுக்கான திட்டமும் தொடங்கியது. ஏனைய கிராமத்து ஏழை கடன்பட்டுக் கட்ட, இவர்களுக்கு மட்டும் ஏன் இலவசம் என்னும் ஆட்சேபம் எழுகின்றது. அதனை இனவாதம் என ஒதுக்குவது எளிது. ஆனால் அதில் நியாய உணர்ச்சியும் கலந்துள்ளது. ஆதலின் விடை கூறவேண்டும். தேயிலை ஈட்டிய அந்நியச் செலாவணி நாடு முழுவதற்கும் பயன்பட்டது. அதனைக் கொய்தவருக்குக் காணி மறுக்கப்பட்டது. கொடுபடாதிருந்ததைக் கொடுப்பதற்கு இலவசம் என்று பெயரிடலாகாது.

திறப்பு விழாவில் சாவி கையளிக்கும் படங்களை நாளிதழ்களில் அடிக்கடி காண்கின்றோம். காணி உறுதி கையளிக்கும் படம் அரிது. உறுதியில்லாத வீடு சற்றுப் பெரிய லயமே. கொழும்புக் கடையில் வேலைபார்க்கும் மகனும் ஓய்வுபெற்ற தாயும் உள்ள குடும்பத்தில், எவரும் கொழுந்து கொய்யாவிடினும் அவ்வீடு அவர்களுடையதாக நிலைக்குமா? வீட்டுக்கென நிதி ஒதுக்குவோரிடம் நான் முதலில் கேட்பது இதனையே. சுவரின் உயரத்தைப் பின்னர் பேசலாம்.